மனக்களைப்புக்கு மூலிகையும் காளானும்: காசைக் கொடுக்குமுன் யோசியுங்கள்



"நோவுன்னு சொல்ல ஒன்னும் இல்லிங்க. ஆனா காலையில எழும்பும்போதே களைப்பா இருக்கு. ராத்திரி படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது. ஒன்னுமில்லாததுக்கெல்லாம் பிள்ளைங்க மேல எரிஞ்சு விழறேன்."

இப்படிப் பேசாத வீடு தோட்டத்தில் குறைவு. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார் செய்து, பெரட்டுக்கு ஓடி, பொழுதெல்லாம் பால் மரத்தோடும் செம்பனைக் குலையோடும் மல்லுக்கட்டிவிட்டு வருகிற உடம்பு அது. அதற்கு மேல் மோட்டார் சைக்கிள் தவணை, பள்ளிச் செலவு, "தோட்டத்தை வீடமைப்புக்கு வித்துடப் போறாங்களாம்" என்கிற பேச்சு. களைப்பு வராமல் என்ன செய்யும்?

இந்தக் களைப்புக்கு மருந்து என்று சொல்லி இப்போது பல சரக்கு விற்பனைக்கு வருகிறது. பசார் மாலாமில் ஒலிபெருக்கி வைத்து விற்கிறார்கள். கைத்தொலைபேசியில் விளம்பரம் வருகிறது. அமுக்கரா மாத்திரை, தொங்காட் அலி கோப்பி, லிங்ஷி காளான் தூள், ஜின்செங் பானம் என்று பெயர்கள் நீள்கின்றன. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம்தான். அந்த ஒரு நாள் உழைப்பை அப்படியே விழுங்கிவிடும் டப்பாக்கள் கடையில் உண்டு. ஆகையால் இவை எவ்வளவு தூரம் உதவும், யாருக்கு ஆகாது என்பதை இந்த மாதம் பார்ப்போம்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

செம்பனை மரத்தடியில் மட்டையைப் புரட்டுகிறீர்கள். உள்ளே இருந்து நாகம் ஒன்று தலை தூக்குகிறது. அந்த நொடியில் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, கால் தானாகப் பின்னால் பாய்கிறது. நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போட்ட மாதிரி அட்ரினல் என்ற இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. அவை அட்ரினலின், கார்ட்டிசோல் என்ற நீர்களை இரத்தத்தில் கலந்துவிடுவதால்தான் இது நடக்கிறது. இரத்த அழுத்தம் கூடும். சர்க்கரை இரத்தத்துக்கு வரும். வயிற்றில் செரிமானம் மெதுவாகும். எல்லாம் நம்மைத் தப்பிக்க வைக்கத்தான். பாம்பு போன பிறகு அரை மணி, ஒரு மணி நேரத்தில் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஆனால் கடன்காரன் பாம்பு மாதிரி புதருக்குள் போய்விடுவதில்லை. நாளை வேலை இருக்குமா, வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா என்ற பயமும் அப்படித்தான், தினமும் கூடவே படுத்துக் கூடவே எழும். அப்போது அந்தச் சுரப்பிகளுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. தூக்கம் கெடும், கழுத்து இறுகும், வயிறு எரியும், இனிப்பு நீர் உள்ளவருக்குச் சர்க்கரை ஏறும். மன உளைச்சல் என்பது இதுதான். இதைக் கோழைத்தனம் என்றோ யாரோ வைத்த செய்வினை என்றோ நினைத்து, கோழியும் எலுமிச்சம்பழமும் வாங்கிச் செலவழிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எல்லாக் களைப்பும் மனக்களைப்பு அல்ல. மாதவிலக்கில் அதிகம் இரத்தம் போகும் பெண்ணுக்கு இரத்தச் சோகை இருக்கலாம். தொண்டையில் இருக்கும் தைராய்டு சுரப்பி மந்தமானாலும் களைப்பு வரும். கண்டுபிடிக்காத இனிப்பு நீரும் இப்படித்தான் ஆளைச் சோர வைக்கும். வெயிலில் குலை வெட்டுகிறவர் போதிய தண்ணீர் குடிக்காவிட்டால் சாயங்காலம் தலைவலியோடும் எரிச்சலோடும்தான் வீட்டுக்கு வருவார். ஆகவே இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் களைப்பு விடவில்லை என்றால், முதலில் அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய் இரத்தம் சோதித்துப் பாருங்கள். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். இரத்தச் சோகைக்கு ஆயிரம் வெள்ளிக் காளான் தின்றாலும் பலன் இருக்காது. அதற்கு இரும்புச் சத்து மாத்திரை வேண்டும்.

'அடாப்டோஜென்' என்ற புதுப் பேர்

இந்தச் சரக்குகளின் டப்பாவில் இப்போது 'அடாப்டோஜென்' என்று ஒரு வார்த்தை போடுகிறார்கள். கஷ்டமான நிலைமையைத் தாங்கிக்கொள்ள உடம்பைப் பழக்கும் பொருள் என்று அர்த்தம். 1947-ல் சோவியத் நாட்டு விஞ்ஞானி நிக்கோலாய் லாசரெவ் என்பவர் உண்டாக்கிய சொல் இது. அவருக்குப் பின் இஸ்ரேல் பிரெக்மான் என்பவர் சைபீரிய ஜின்செங் என்று அழைக்கப்படும் செடியை வைத்து நிறைய ஆராய்ந்தார். பிறகுதான் மற்ற நாட்டு மூலிகைகளையும் இந்தப் பேரில் சேர்த்தார்கள். 2008-ல் ஐரோப்பிய மருந்து நிறுவனம் இந்தச் சொல்லை ஆராய்ந்துவிட்டு, மருத்துவ வகைப் பெயராக ஏற்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்றது. ஆகவே டப்பாவில் இந்த வார்த்தை இருக்கிறது என்பதற்காக அதற்குத் தனி மதிப்புக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே என்ன வேர், என்ன காளான் என்று பாருங்கள்.

அமுக்கரா

இவற்றில் நம்மவர்களுக்கு அதிகம் பழக்கமானது அமுக்கராக் கிழங்கு. வடமொழியில் அஸ்வகந்தா என்பார்கள், குதிரை வாடை என்று பொருள். பச்சை வேரை முகர்ந்தால் அந்தப் பேர் ஏன் வந்தது என்று விளங்கும். சித்த வைத்தியத்தில் அமுக்கராச் சூரணத்தைப் பாலில் கலந்து இரவில் கொடுப்பது பழைய வழக்கம்.

மனக்களைப்புக்கு என்று சொல்லப்படும் மூலிகைகளில் ஓரளவு ஆதாரம் உள்ளதும் இதற்குத்தான். 2012-ல் இந்தியாவில் 64 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு அமுக்கரா வேர்ச் சத்து 300 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 60 நாளைக்குக் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு அதே மாதிரி தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. அமுக்கரா சாப்பிட்டவர்களுக்கு உளைச்சல் அதிகமாகக் குறைந்தது, இரத்தத்தில் கார்ட்டிசோலும் இறங்கியது. அதற்குப் பிறகும் இதைப் போன்ற சில ஆய்வுகள் வந்திருக்கின்றன. தூக்கத்துக்கும் கொஞ்சம் உதவுகிறது என்று தெரிகிறது.

நல்ல செய்திதான். ஆனால் அவை சின்ன ஆய்வுகள், இரண்டு மூன்று மாதத்தோடு முடிந்தவை. வருடக் கணக்கில் தின்றால் என்ன ஆகும் என்பதற்கு அவற்றில் பதில் கிடையாது. அளவு பார்த்துத் தயாரித்த வேர்ச் சத்தை வைத்துச் செய்த ஆய்வு அது. கடையில் நிறுத்துக் கொடுக்கும் தூளுக்கு அதே கணக்குப் பொருந்தாது. சூரணங்களில் பலவற்றில் சர்க்கரை சேர்ந்திருக்கும் என்பதையும் இனிப்பு நீர் உள்ளவர்கள் மறக்கக் கூடாது.

இனி, யாருக்கு ஆகாது? கர்ப்பிணிகள் தொடவே கூடாது, கருச் சிதையும் என்ற அச்சம் உண்டு. பால் கொடுக்கும் தாய்மாருக்கும் வேண்டாம். தைராய்டு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அந்தச் சுரப்பியின் நீரை இது கூட்டிவிடக்கூடும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது. அமுக்கரா சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலை வந்தவர்களைப் பற்றி பல நாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படி ஆவது அபூர்வம்தான், என்றாலும் ஆகிறது. 2023-ல் டென்மார்க் அரசாங்கம் இதை விற்கவே தடை போட்டது. சாப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் கண் மஞ்சளாகி, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போய், உடம்பு அரித்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனிப்பு நீருக்கு மெட்ஃபோர்மினோ வேறு மாத்திரையோ, இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிப்பினோ எடுக்கிறவர்கள் நம்மில் நிறைய. அமுக்கராவும் சர்க்கரையையும் அழுத்தத்தையும் இறக்கும் குணம் உடையது. இரண்டும் சேர்ந்து அளவுக்கு மீறி இறங்கினால் மயக்கம் வரும். ஏணி மேலேயோ உயரமான மரத்தடியில் கத்தியைத் தூக்கிக்கொண்டோ நிற்கும்போது மயக்கம் வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தூக்க மாத்திரையோடு சேர்த்தாலும் மந்தம் கூடும்.

இதைவிட அதிகமாக நடக்கிற ஒன்று இருக்கிறது. "மூலிகை சாப்பிடறேன், இனிமே மாத்திரை எதுக்கு?" என்று கிளினிக் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அமுக்கராவால் கெட்ட கல்லீரலைவிட, நிறுத்திய மாத்திரையால் வந்த பக்கவாதமும் கெட்டுப்போன சிறுநீரகமும்தான் தோட்டத்துக்குப் பெரிய ஆபத்து. மூலிகை சாப்பிடுவதானாலும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் விடாதீர்கள்.

வீட்டுப் பின்புறம் இருப்பவை

துளசியையும் இந்த அடாப்டோஜென் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நாலைந்து இலையைக் கொதி நீரில் போட்டு மூடி வைத்து, ஆறியதும் குடிப்பதில் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை. சாயங்காலம் சர்க்கரை போட்ட கோப்பி குடிப்பதற்குப் பதில் இதைக் குடித்தால் அந்த மாற்றமே ஒரு நன்மை. மாடத்தில் வளர்ப்பதற்குக் காசு கொடுத்து மாத்திரையாக வாங்குவானேன்?

வல்லாரையை மலாய்க்காரர்கள் பெகாகா என்று சொல்லி உலாமாகப் பச்சையாகச் சாப்பிடுகிறார்கள். நாம் துவையல் அரைக்கிறோம். மனத் தெளிவுக்கு நல்லது என்று இரண்டு சமூகமும் நம்புகின்றன. ஆராய்ச்சி இன்னும் சின்ன அளவில்தான் இருக்கிறது. கீரையாகச் சமைத்துச் சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் எங்கிருந்து பறிக்கிறீர்கள் என்று பாருங்கள். வல்லாரை ஈரத்தில் வளரும் கொடி, தோட்டத்தில் அது தழைத்து நிற்கும் இடம் பெரும்பாலும் காண்கரை. அந்தத் தண்ணீரில் என்ன வருகிறது என்பது மருந்தடிக்கும் வேலை செய்கிற நம் அக்காமார்களுக்கு நன்றாகவே தெரியும். 2020 ஜனவரியிலிருந்து பாரக்குவாட் தடை செய்யப்பட்டுவிட்டது, ஆனாலும் வேறு களைக்கொல்லிகள் அடிக்கப்படுகின்றன. மருந்தடித்த வரிசையிலோ, லயத்துச் சாக்கடை ஓடும் இடத்திலோ பறிக்க வேண்டாம். ஒரு பழைய வாளியில் மண் போட்டு நட்டால் வீட்டு வாசலிலேயே வரும்.

கோப்பிப் பொட்டலத்துக்குள் என்ன?

தொங்காட் அலி நம் நாட்டுக் காட்டு மரத்தின் வேர். கடும் கசப்பு. மலாய்ப் பெரியவர்கள் வேரைச் சீவி அவித்துக் குடிப்பார்கள். ஆண்மைக்கு என்றுதான் பேர் பெற்றது, ஆனால் உளைச்சலுக்கும் பார்த்திருக்கிறார்கள். 63 பேரை வைத்து நான்கு வாரம் செய்த ஓர் ஆய்வு 2013-ல் வந்தது, இதன் சத்தைச் சாப்பிட்டவர்களுக்குக் கோபமும் இறுக்கமும் குறைந்ததாக அது சொன்னது. ஒரே ஆய்வை வைத்து ஊரைக் கூட்ட முடியாது.

வேரைவிட எனக்கு அதிகக் கவலை தருவது தொங்காட் அலி கோப்பி. "குடிச்சுப் பாருங்கண்ணே, ஒரு மணி நேரத்துல ஒடம்புல ஒரு தெம்பு வரும்" என்று விற்கிறார்கள். வேருக்கு அந்த வேகம் கிடையாது. இப்படிப்பட்ட கோப்பிப் பொட்டலங்களில் சில்டெனாஃபில், தடலாஃபில் போன்ற, டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே வாங்க வேண்டிய மருந்துகள் திருட்டுத்தனமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை எடுக்கும் ஒருவர் இந்தக் கோப்பியைத் தெரியாமல் குடித்தால் இரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிரே போகலாம். கோப்பி குடித்தவர் தான் மருந்து சாப்பிட்டதாக டாக்டரிடம் சொல்லவும் மாட்டார், ஏனென்றால் அவருக்கே தெரியாது.

ஜின்செங் பற்றி இரண்டு வரி போதும். சிலருக்கு அது தூக்கத்தைக் கெடுத்து நெஞ்சு படபடப்பைக் கூட்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

காளான்கள்

லிங்ஷி என்று சீனரும், ரெய்ஷி என்று ஜப்பானியரும் சொல்லும் காளானின் அறிவியல் பேர் கானோடெர்மா. இந்தப் பேரைக் கேட்டதும் செம்பனைத் தோட்டத்துத் தோழர்கள் நிமிர்ந்து உட்கார்வீர்கள். ஆமாம், மரத்தின் அடித்தண்டை அழுக வைத்துச் சாய்க்கிறதே, தட்டுத் தட்டாக மரத்தடியில் பழுப்பு நிறத்தில் மின்னிக்கொண்டு முளைக்கிறதே, அதுவும் கானோடெர்மாதான். ஆனால் இனம் வேறு. செம்பனையைக் கொல்வது கானோடெர்மா போனினென்சே. சீனக் கடையில் விற்பது அதன் சொந்தக்காரன். "ஒரே சாதிதானே, கடையில விலை குடுத்து வாங்கறதை நம்ம மரத்திலேயே பேத்துக்கலாமே" என்று அதைப் பெயர்த்து அவித்துக் குடிக்காதீர்கள். அது மருந்தாகச் சோதிக்கப்பட்டு விற்பனைக்கு வந்த காளான் இல்லை. நோய் வந்த மரத்தின் தண்டில் துளையிட்டுப் பூஞ்சைக் கொல்லி ஏற்றும் வழக்கமும் உண்டு.

கடை லிங்ஷி உளைச்சலைத் தீர்க்குமா? நரம்புத் தளர்ச்சியும் களைப்பும் உள்ள 132 பேரை வைத்து எட்டு வாரம் செய்த ஓர் ஆய்வு 2005-ல் வந்தது, லிங்ஷி சாப்பிட்டவர்களுக்குக் களைப்புச் சற்றுக் குறைந்ததாக அது சொன்னது. அதற்கு மேல் பலமான ஆதாரம் இல்லை. புற்றுநோய் முதல் மூட்டு வலி வரை எல்லாம் குணமாகும் என்று முகவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். இது இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். ஆஸ்பிரின், வார்ஃபாரின் எடுக்கிறவர்களும், பல் பிடுங்கவோ அறுவைச் சிகிச்சைக்கோ போகிறவர்களும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சீனர் குரங்குத் தலைக் காளான் என்று சொல்லும் வெள்ளைக் காளான் ஒன்று உண்டு, தாடி மாதிரி தொங்கும். ஜப்பானில் 30 பெண்களை வைத்து 2010-ல் செய்த சின்ன ஆய்வில், நான்கு வாரம் இதைப் பிஸ்கட்டில் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு எரிச்சலும் கவலையும் குறைந்ததாகத் தெரிந்தது. இது சமையல் காளான், சூப்பில் போட்டுச் சாப்பிடலாம். பிடித்தால் சாப்பிடுங்கள், மருந்தென்று எண்ணி விலை கொடுக்க வேண்டாம். ஓராங் அஸ்லி மக்கள் இருமலுக்கும் இழுப்புக்கும் பயன்படுத்தும் புலிப்பால் காளானையும் இப்போது மனக்களைப்புக்கு என்று விற்கிறார்கள். அவர்கள் சொன்னது இருமலுக்கு.

காட்டில் பார்த்த காளானைப் பறித்துச் சாப்பிடாதீர்கள். நல்ல காளானையும் விஷக் காளானையும் அனுபவசாலிகளே மாற்றிப் பறித்திருக்கிறார்கள். வெள்ளிக் கரண்டி கறுக்குமா, பூண்டு நிறம் மாறுமா என்று பார்ப்பதெல்லாம் சோதனை ஆகாது. இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: மாட்டுச் சாணத்தில் முளைக்கும் மயக்கக் காளானில் உள்ள பொருள் நம் நாட்டுச் சட்டப்படி போதைப் பொருள்.

கெத்தும் தண்ணீரும் அப்படித்தான். வேலைக் களைப்புத் தெரியாமல் இருக்க என்று வடக்கே பல இடங்களில் குடிக்கிறார்கள். "இலைச் சாறுதானே" என்பார்கள். அதில் உள்ள மித்ராகைனின் 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. பழகிவிட்டால் ஒரு நாள் குடிக்காவிட்டாலும் மூக்கு ஒழுகி, உடம்பு முறிந்து, தூக்கம் போய்விடும். களைப்புக்குக் குடித்தவர் பிறகு குடிக்காத களைப்புக்காகக் குடிக்கிறார்.

டப்பாவைப் படிப்பது எப்படி?

விற்பவர் சொல்வது ஒன்றே ஒன்று: "அக்கா, இது வேருதானே, வேருக்குப் பக்க விளைவு ஏது?" அரளியும் செடிதான் என்று பதில் சொல்லிவிட்டு டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

பதிவு பெற்ற மருந்தில் எம்.ஏ.எல். என்ற மூன்று ஆங்கில எழுத்தும், அதைத் தொடர்ந்து எட்டு இலக்கமும், கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். பாரம்பரிய மருந்து என்றால் அந்தக் கடைசி எழுத்து டி. மின்னும் பாதுகாப்பு ஒட்டுச் சீட்டும் இருக்க வேண்டும். சிலர் எண்ணைக் கற்பனையாகவே அச்சடித்துவிடுகிறார்கள். ஆகவே பள்ளியில் படிக்கும் பிள்ளையை விட்டுத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பேரும் அந்த எண்ணும் பொருந்த வேண்டும். பதிவு எண் இருந்தால் நோய் தீரும் என்று அர்த்தமில்லை. கலப்படமும் கன உலோகமும் பார்த்துத்தான் விற்பனைக்கு விட்டிருக்கிறார்கள் என்ற அளவுக்கு நம்பலாம். ஊரிலிருந்து சொந்தக்காரர் பையில் போட்டுக் கொண்டுவந்த பஸ்பத்துக்கும் சூரணத்துக்கும் அந்தச் சோதனையும் கிடையாது. அப்படிப்பட்ட சில மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருந்து ஆளைக் கெடுத்ததுண்டு.

மிக முக்கியமான எச்சரிக்கை இனிமேல்தான். ஒரு மருந்து இரண்டே நாளில் களைப்பு, மூட்டு நோவு, பசியின்மை மூன்றையும் ஓட்டிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பது இந்த நாட்டில் திரும்பத் திரும்பப் பிடிபடுகிற மோசடி. அது நம் அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசோலைப் போலவே, ஆனால் பல மடங்கு பலமாக, வேலை செய்யும். முதல் வாரம் தெம்பாக இருக்கும். பிறகு முகம் வட்டமாக உப்பும், சர்க்கரையும் அழுத்தமும் ஏறும், தோல் மெலிந்து தொட்ட இடமெல்லாம் கன்றிப் போகும், வயிற்றில் புண் வந்து மலம் கறுப்பாகப் போகும். வெளியிலிருந்து வருவதால் நம் சுரப்பி வேலையை மறந்து தூங்கிவிடும். பல வாரம் சாப்பிட்டவர் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் இப்படிச் சந்தேகம் வந்தால் தாமாகத் திடீரென்று நிறுத்தாமல், மீதி மருந்தையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம்.

வேர் செய்ய முடியாத வேலை

நாலரைக்கு எழ வேண்டியவர் ஒன்பதரைக்காவது படுத்தால்தான் ஏழு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். பிற்பகல் இரண்டுக்குப் பிறகு கோப்பியை விடுங்கள். சம்சு குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், பின்னிரவில் விழிப்பும் சேர்ந்து வரும். நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விட்டு, படுக்குமுன் ஐந்து நிமிடம் செய்து பாருங்கள். இதற்குக் காசில்லை.

ஆனால் உளைச்சலுக்குக் காரணம் வேலையில் இருந்தால் மூச்சுப் பயிற்சியும் பாதி தூரம்தான் வரும். சம்பளச் சீட்டில் பிடித்தம் விளங்கவில்லை, மழை நாளுக்குக் கூலி வரவில்லை, வேலை அளவைக் கூட்டிவிட்டார்கள், மண்டோர் வாய்க்கு வந்தபடி பேசுகிறார் என்றால் அது சங்கத்துக்கு வர வேண்டிய விஷயம். தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. தேதி, பேசியவர் பேர், என்ன சொன்னார் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். லயத்தில் நாலு பேர் ஒரே குறையைச் சொன்னால் நால்வருக்குமே பாரம் கொஞ்சம் இறங்கும். வட்டிக்காரன் தொல்லையையும் ஒளிக்காமல் வீட்டில் சொல்லுங்கள்.

இனி ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்ற எண்ணம் வருகிறது. இது மூலிகை பார்த்துக் காத்திருக்கும் கட்டம் அல்ல. உடனே கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கோ போக வேண்டும். இதற்கு நல்ல மருந்துகளும், உட்கார்ந்து பேசி ஆற்றும் சிகிச்சையும் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே உண்டு. சுகாதார அமைச்சு 2022-ல் தொடங்கிய ஹீல் தொலைபேசி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-7627 2929. "போலீஸ் கேசாயிடும்" என்று சொல்லப் பயந்த காலம் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டப் பிரிவு 2023-ல் நீக்கப்பட்டுவிட்டது. வீட்டில் ஒருவர் இப்படிப் பேசினால் "சும்மா பயமுறுத்தறான்" என்று விடாதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருங்கள். களைக்கொல்லி, பூச்சி மருந்துப் போத்தல்களை வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். பழைய பாரக்குவாட் மிச்சம் எங்கேயாவது அடுக்களை மூலையில் கிடந்தால் தோட்ட நிர்வாகத்திடம் இன்றைக்கே ஒப்படைத்துவிடுங்கள், ஒரு வாய் போதும் அது உயிரை எடுக்க.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, வீட்டில் சாப்பிடுகிற எல்லா டப்பா, பொட்டலம், தைலம், சூரணத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். "மருந்து ஏதும் சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் கோப்பிப் பொட்டலம் உட்பட மேசை மேல் எடுத்து வையுங்கள். பாட்டிக்கு மலாய் வராவிட்டால் பேரப்பிள்ளை ஒன்றைக் கூட அனுப்புங்கள்.

(அடுத்த இதழில்: உயர மரத்தில் குலை வெட்டுவோருக்கு வரும் கழுத்து நோவு. இது பற்றிய உங்கள் கேள்விகளைக் கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம்.)